இதுக்கு மேல கடைசி கிடையாது

உலகத்தில் ஓர் இனம் உண்டு. எதற்காவது பெயர் வை என்றால் உடம்பெல்லாம் வலிக்கிற இனம். உப்பு டப்பாவிலும் சர்க்கரை டப்பாவிலும் ஒன்றும் எழுதாமல் வைத்துவிட்டு, எனக்குத் தெரியாதா என்று சொல்லி, காபியில் உப்பைப் போட்டுக் குடித்து, அதையும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பார்களே, அவர்கள்தான். கம்ப்யூட்டர் வந்தால் குறைவார்கள் என்று பார்த்தேன். பெருகிவிட்டார்கள்.

நம் கையில் சிக்கிய ஆசாமி ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஆல்பம் போடுகிறவர். வேலை சுத்தம். மூக்கின்மேல் விழுந்த நிழலைக்கூட நோகாமல் எடுத்துவிடுவார். ஆனால் செய்த வேலையைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கும்போது மட்டும் ஒரே பெயர்தான்: "கடைசி." திருத்தம் வந்தால் "கடைசி கடைசி." இன்னொன்று வந்தால் "நிஜக் கடைசி." அதற்கும் மேல் வந்தால் "இதுதாண்டா கடைசி." கல்யாணமா, பிறந்தநாளா, பள்ளிக்கூட விழாவா, எல்லாம் அந்தக் கூட்டத்திலேயே கிடக்கும். எது எங்கே என்று முதலாளி கேட்டால், எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். தட்டினால் ஓசை நன்றாகத்தான் வரும்.

இவரிடம்தான் ஒரு நர்ஸம்மா வந்து சேர்ந்தார். அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம், நாலு நாள் கழித்துச் சாயங்காலம் விருந்து, அதில் ஆல்பத்தை அப்பா கையில் கொடுக்க வேண்டும். பென்டிரைவில் பிள்ளைகள் மூவரின் படங்களும் மூன்று ஃபோல்டராக இருந்தன: "பெரியவ", "நடுவுலவன்", "கடைசி."

கடைசி என்றால் கடைசித் தங்கை. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அப்பா வாசல் மிதிக்காதே என்றுவிட்டார். வருஷக்கணக்கில் பேச்சில்லை. இப்போது அவள் வரட்டுமா என்று நர்ஸம்மா கேட்டதற்கு அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மனிதரிடம் அதுவே பெரிய அழைப்பு. தங்கை கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆல்பத்தில் நானும் இருப்பேனா அக்கா? இருப்பாய் என்று நர்ஸம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

படங்களை ஏற்றும்போது கம்ப்யூட்டர் நியாயமாகத்தான் கேட்டது: கடைசி என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, இதை என்ன செய்ய? நம் கடைசியைவிட இவர்கள் கடைசி என்ன பெரிய கடைசி என்று நினைத்து, ஆசாமி வேண்டாம் என்று அமுக்கிவிட்டார். தங்கை மறுபடியும் வாசலுக்கு வெளியே.

விருந்தன்று காலை நர்ஸம்மா வந்து திரையில் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"கடைசி எங்கங்க?"

"இதுதாம்மா கடைசி."

"இல்லைங்க. இதுல கடைசியே இல்ல."

"ரெண்டு நாள் உக்காந்து போட்டதும்மா. இதுக்கு மேல கடைசி கிடையாது."

"கிடையாதுன்னு நீங்க யாருங்க சொல்றதுக்கு? எங்க வீட்டுல ஒரு கடைசி இருக்கா. உசிரோட இருக்கா."

மூலையில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்த பைண்டிங் அக்கா தலையைத் தூக்காமல் சொன்னார். "இவரு வீட்டுலயே கடைசிப் பொண்ணுக்கு அப்புறம் ஒரு கடைசிப் பொண்ணு இருக்கு. இவருகிட்ட போய் நியாயம் கேக்குறீங்களே."

அப்போதுதான் ஆசாமிக்கு உறைத்தது. மதியத்துக்குள் பிரிண்டுக்குப் போகாவிட்டால் ஆல்பம் கிடையாது. பென்டிரைவை மறுபடி செருகினார். படங்கள் வந்தன, ஆல்பம் போடும் சாஃப்ட்வேர் வாங்க மாட்டேன் என்றது. அதற்குப் படத்தின் பெயர் எண்ணிலோ ஆங்கில எழுத்திலோ இருக்க வேண்டும். தமிழில் பெயர் இருந்தால் கட்டம் கட்டமாகக் காட்டி வெள்ளைக் காகிதத்தை நீட்டும். தங்கையோ ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாக்கியத்தையே பெயராக எழுதி வைத்திருந்தாள். இப்படியும் பெயர் வைக்கிற மனுஷி உண்டா என்று ஆசாமிக்கு மலைப்பு. எல்லாவற்றையும் அழித்து எண் போட உட்கார்ந்தார்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ வாசிச்சுடுங்க" என்றார் நர்ஸம்மா.

வாசித்தார். அக்கா ரிப்பன் கட்டி விட்டது, வலித்தது. அழித்தார், எண் போட்டார். அண்ணன் என் பென்சிலைக் கடித்தது. அழித்தார். மழையில் அப்பா தோளில் நான். நர்ஸம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த படத்தில் ஆசாமியின் விரல் நின்றுவிட்டது. நர்ஸம்மா திரும்பி வந்து தானே வாசித்தார்: "அப்பா என்னப் பாத்து கடைசியா சிரிச்சது."

எத்தனை ஆயிரம் தடவை தட்டிய சொல். அதற்கு ஓர் அர்த்தம் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"இதை நடுப்பக்கத்துல பெருசாப் போடுங்க" என்றார் நர்ஸம்மா.

போட்டார். மதியத்துக்குள் போயும் சேர்ந்தது. விருந்தில் அப்பா நடுப்பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டாராம்: "கடைசி ஏன் இன்னும் வாசல்லயே நிக்குது? உள்ள வரச் சொல்லு."

ஆசாமி திருந்தினாரா என்கிறீர்களா? திருந்தாமல் என்ன. இப்போதெல்லாம் "முக்கியம்" என்று பெயர் வைக்கிறார். நேற்று ஒரு "ரொம்ப முக்கியம்" பிறந்திருக்கிறது.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் போனைத் திறந்து, அம்மாவின் படம் ஒன்றை எனக்கு எடுத்துக் காட்டுங்கள். தேடாமல் எடுக்க வேண்டும். என்ன, இன்னும் தேடுகிறீர்களா?