வலதோரம் சார் வழிவிடாத நாள்

வலதோரம் சாரிடம் குமாஸ்தாவாக இருந்தவன் பூமியில் எங்கேயும் உருப்பட முடியாது. நான் இருந்தேன். இன்றைக்கும் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் வலது ஓரமாகவே நடந்து, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் வசவு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

திருவிதாங்கூர்-கொச்சி என்று ஒரு ராஜ்யம் இருந்த காலம். வள்ளக்கடவில் கால்வாயைக் கவனிக்க ஒரு சின்ன ஆபீஸ். அதற்கு அவர் இன்ஸ்பெக்டர், நாஞ்சில் நாட்டுக்காரர். படகோட்டும் வள்ளக்காரர்கள் வைத்த பெயர்தான் வலதோரம் சார். கால்வாய்ச் சட்டப்படி வள்ளம் வலது ஓரமாகப் போக வேண்டும். வளைவில் விசில் ஊத வேண்டும். இடுக்கான இடத்தில் எதிரெதிரே வந்தால் வெறும் வள்ளம் பின்வாங்கி, சரக்கு வள்ளத்துக்கு வழிவிட வேண்டும். இவற்றைக் கால்வாயில் ஒருத்தனும் மதிக்கவில்லை. மனுஷன் ஆபீஸுக்குள் அமல்படுத்திவிட்டார்! வராந்தா திரும்பினால் விசில். நான் காபி டம்ளரோடு வந்தால் அவர் சுவரோரம் ஒதுங்குவார். வெறுங்கையோடு வந்தால் நான் வந்த வழியே வாசல்வரை பின்பக்கமாக நடக்க வேண்டும்.

"என்ன சார் இது கொடுமை?"

"கையில சரக்கு இருக்கா வே? இல்லல்லா? அப்போ பின்னால போவும்."

எங்கள் உயிரை வாங்க வள்ளக்காரன் கேசவன் ஒருவனே போதும். சார் விசில் ஊதினால் அவன் பதிலுக்குப் பாட்டுப் பாடுவான். அவனுக்கு நோட்டீஸ் எழுதி எழுதி என் விரல் காய்த்துப்போனது. அத்தனையையும் அவன் பீடி பற்றவைக்க வைத்துக்கொண்டான்.

"நான் சாகிறதுக்குள்ள ஒருத்தனாவது சொல்லாம வழிவிடுவானா வே?" என்று சார் கேட்பார்.

"மாட்டான் சார்" என்பேன். வேறு என்ன சொல்ல?

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் மனைவிக்குப் பிள்ளைப்பேறு. வேளியில், கால்வாய்க் கரையில் வீடு. வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். ஆபீஸ் வள்ளத்தில் அம்மாளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். ஆள் கிடைக்காமல் கழி ஊன்றியது நான். வளைவில் சார் விசில் ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது.

இடுக்கில் பாதி போயிருப்போம். எதிரே, மூட்டை மூட்டையாக அரிசியோடு கேசவன்! போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"பின்னால எடும் வே" என்றார் சார்.

"சார், அம்மா கிடக்கிற கிடப்பைப் பாருங்க!"

"சட்டத்துல சரக்குன்னுதான் இருக்கு. பெஞ்சாதின்னு இல்ல."

அம்மாள் அலறினாள். "பாவி மனுஷா! ரெண்டு உசுரு கிடக்கேன், நான் வெறும் வள்ளமா?"

சார் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் கழியைப் பின்னுக்கு ஊன்றினேன்.

கேசவன் காதில் அந்த அலறல் விழுந்திருக்க வேண்டும். தன் வள்ளத்தைத் திருப்பி, வந்த வேகத்திலேயே சேற்றுக்கரையில் ஏற்றினான். வள்ளம் சாய்ந்தது. மூட்டைகள் தொப்புத்தொப்பென்று தண்ணீரில் விழுந்தன.

"அரி போனா போட்டே சாரே! வேகம் பொய்க்கோ!" அரிசி போனால் போகட்டும், சீக்கிரம் போங்கள் என்கிறான்.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

மறுநாள் காலையில் வராந்தாவில் விசில் கேட்டது. "நோட்டீஸ் ஒண்ணு எழுதும் வே" என்றபடி சார் உள்ளே வந்தார்.

"கேசவனுக்கா? நீங்க மனுஷன்தானா சார்?" என்று கத்தியேவிட்டேன்.

"எம் பேருக்கு வே. வெறும் வள்ளத்துல வந்தேன், சரக்குக்கு வழிவிடல்ல."

எழுதினேன். "அப்போ, கேசவன் கரையை இடிச்சானே சார்?"

சார் ஜன்னல் வழியாகக் கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அந்தப் பக்கம் பாக்கல்ல வே."

நான் எழுதியதில் அந்த ஒரு நோட்டீஸை மட்டும் அனுப்பவில்லை. என் பெட்டியில்தான் கிடக்கிறது. தெருவில் எங்கேயாவது விசில் கேட்டால் இப்போதும் ஓரமாக ஒதுங்கி நின்று பார்க்கிறேன், சார்தானோ என்று.