ஆசிட் தொட்டிக்கு மேல் என் தகரக் கூம்பு

இன்றைக்கும் கையில் கிடைத்தால் கன்னத்தில் அறையலாம் என்று எனக்குத் தோன்றுகிற ஆட்கள் இரண்டு பேர். ஒருவர், எழுபதுகளில் காரைக்குடிக்கு வெளியே அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் காய்ச்சிய ஆலையின் மேனேஜர். இன்னொருவன், அங்கே எஞ்சினீயராகச் சேர்ந்த இருபத்து நான்கு வயது நான்.

பழைய இரும்பை ஆசிட் தொட்டியில் போட்டு, சூடாக்கி, மரத்துடுப்பால் கிளறுவார்கள். கிளம்பும் ஆவி தொண்டையை அறுக்கும். அதை வெளியேற்ற ஏதாவது செய்யுங்கள் என்று தொழிலாளர்கள் நான்கு வருடம் கேட்டதற்குக் கிடைத்தது, தொண்டைக்கு இதமாக ஆளுக்கொரு வெல்லக்கட்டி. நான் மேனேஜரிடம் மன்றாடி அனுமதி வாங்கினேன். தொட்டிக்கு மேலே பெரிய தகரக் கூம்பு, அதன் உச்சியில் ஆவியை உறிஞ்சும் விசிறி என்று படம் வரைந்தேன். (கல்லூரிப் புத்தகத்தில் இருந்தது அப்படியே. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.)

தொட்டி கிளறும் பாண்டியம்மாள் படத்தைப் பார்த்தார்.

"சார், தொட்டி கீழ, கூம்பு மேல. குனிஞ்சு கிளறுற எங்க மூஞ்சிய எங்குட்டு வரைஞ்சிருக்கீக?"

"காத்துக் கணக்கெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்றேன். (நாக்கு அழுகியிருக்க வேண்டாமா?)

திறப்பு நாளில் மேனேஜருக்குச் செய்து காட்ட, வெள்ளைச் சட்டையும் டையுமாக நானே துடுப்பைப் பிடித்துக் குனிந்தேன். விசிறி பிரமாதமாக உறிஞ்சியது. தொட்டி ஆவி முழுவதும் என் மூக்கு வழியாகத்தான் மேலே போனது. மூன்றே மூச்சு. கண் இருண்டது, டை ஆசிட்டில் முங்கியது. பாண்டியம்மாள்தான் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, முகத்தில் தண்ணீர் ஊற்றினார்.

மேனேஜர் பதறினார். "எஞ்சினீயருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? கார எடுங்க! நாளைக்கே இத மாத்துங்க!"

"நாலு வருசமா நாங்க இருமுனது ஒங்க காதுல விழுகலையாய்யா?" என்று கேட்டார் பாண்டியம்மாள்.

மேனேஜர் காருக்கு வழிவிடச் சொன்னார். அவ்வளவுதான். அந்த ஆளை நறுக்கென்று திட்ட வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.

மறுவாரம் பாண்டியம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தை மாற்றினேன். அவர் நிற்கும் இடத்துக்கு எதிரே, தொட்டி விளிம்பில், விசிறி உறிஞ்ச நீளமாக ஒரு பிளவு. ஆவி முகத்துக்கு ஏறும் முன்பே பக்கவாட்டில் இழுபட்டு வெளியேறியது. அத்தனை பேர் நான்கு வருடம் இருமியும் நகராத வேலை, என் மூன்று மூச்சில் நடந்ததை நினைத்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது.

வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாக்கிவிட்டார்கள். கோட்டையூரில் எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு, எத்தனை மனு கொடுத்தும் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால், மகள் சொல்வாள்:

"அப்பாவக் கொண்டுபோய் அதுல குப்புறப் போடுங்க. நாளைக்கே சரிபண்ணிருவாக."