உங்கள் கதவு பத்திரமாக உள்ளது

ஊரில் எது படுத்தாலும் என் வீடு மட்டும் படுக்கக் கூடாது என்று நான் முடிவெடுத்தேன். பொழுது போகாமல் எடுத்த முடிவு அல்ல இது. நான் வேலை பார்ப்பது ஒரு இன்டர்நெட் கம்பெனியின் புகார்ப் பிரிவில். காலையிலிருந்து மாலைவரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரத்துல சரியாயிடும் சார்" என்று சொல்வதுதான் என் உத்தியோகம். எப்போது சரியாகும் என்று எனக்கும் தெரியாது, என் மேனேஜருக்கும் தெரியாது. நெட் நின்றால் மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்பது என் காதுக்குத் தெரியும். ஒருவர் அழுதார். இன்னொருவர், தன் மனைவியோடு உட்கார்ந்து பேச வேண்டியதாகிவிட்டது என்று என்னைப் பிடித்துத் திட்டினார்.

அந்தக் கதி எனக்கு வரக் கூடாது. எனவே வாங்க ஆரம்பித்தேன். கையால் சுற்றினால் பாடும் ரேடியோ. கையால் சுற்றினால் எரியும் விளக்கு. வெயிலில் விரித்தால் போனுக்குச் சார்ஜ் ஏற்றும் தகடு. டவரே இல்லாமல் பேசிக்கொள்ள வாக்கி டாக்கி ஒரு ஜோடி. எல்லாவற்றையும் பின்னறையில் அடுக்கினேன்.

இந்தப் பின்னறைதான் எங்கள் வீட்டுச் சண்டையின் தலைநகரம்.

என் மனைவி வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறவள். நன்றாகவே தைப்பாள், தெருவில் பாதிப் பேர் அவள் கைவண்ணத்தில்தான் நடமாடுகிறார்கள். ஆனால் மெஷின் இருப்பது ஹாலில். அதனால் என் வீட்டில் சோபாவைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஊசி எப்போது எங்கே இருக்கும் என்று அந்த ஊசிக்கே தெரியாது. மெஷினும் காலால் மிதிக்கிற பழைய மெஷின். "மோட்டார் வச்சுக்கோயேன், உலகம் எங்கேயோ போயிடுச்சு" என்று நான் சொல்லாத நாள் இல்லை. "உலகம் போகட்டும், என் கால் இங்கேதான் இருக்கு" என்பாள்.

"ஏங்க, அந்தப் பின்னறையைத் தையலுக்குக் குடுத்துடுங்களேன்."

"அது அவசரகால அறை."

"யாருக்கு அவசரம்?"

"ஒரு நாள் கரண்ட் போகும், நெட் போகும், போன் போகும். அன்னிக்கு நீயே வந்து கையெடுத்துக் கும்பிடுவே."

"சரி, பந்தயம். அப்படி ஒரு நாள் வரட்டும். உங்க சாமான் இந்த வீட்டுக்கு ஒரு உதவி செஞ்சா ரூம் உங்களுது. ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன். இல்லேன்னா எனக்கு."

"வாக்கு மாற மாட்டியே?"

"நான் அளவெடுத்தா மாறாதுங்க."

கை குலுக்கினோம். அவள் கையில் ஒரு குண்டூசி இருந்தது. அது தற்செயல் என்றாள்.

மறுநாளே பின்னறையில் ஒரு துணி மூட்டை முளைத்தது. "இன்னிக்கு ஒரு நாள்தான்" என்றாள். இப்படித்தான் சாம்ராஜ்யங்கள் பறிபோகின்றன. நான் மூட்டையை ஹாலுக்கு நாடு கடத்தினேன். கையோடு கதவுக்கு ஒரு நவீனப் பூட்டு வாங்கி மாட்டினேன். போனிலிருந்து உத்தரவு கொடுத்தால்தான் திறக்கும். எதைப் போட்டுத் திறந்தாலும் போனுக்குத் தகவல் வந்துவிடும். கூடவே அவசரத்துக்கு ஒரு சாவியும் கொடுத்தார்கள். அது அவள் கையில் சிக்கக் கூடாது என்று மிகப் பத்திரமான இடத்தில் வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த அறையை நான் திறக்கவே இல்லை. அவசரகால அறையை அவசரத்துக்குத்தானே திறக்க வேண்டும்? பூட்டு தினமும் மாலையில் போனுக்கு ஒரு செய்தி அனுப்பும்: "உங்கள் கதவு பத்திரமாக உள்ளது." நான் ஆபீஸிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே, அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவேன்.

"பாத்தியா? பத்திரமா இருக்கு."

"ரொம்ப சந்தோஷங்க" என்பாள். இவ்வளவு சீக்கிரம் அடங்கிவிட்டாளே என்று எனக்கே பாவமாக இருந்தது.

வீட்டிலும் ஒரு அமைதி வந்தது. சோபாவில் ஊசி குறைந்தது. மாடி வீட்டு நர்ஸம்மா வீட்டிலிருந்து மாலை நேரங்களில் நல்ல பாட்டு கேட்டது. "யாரோ ரசனையா ரேடியோ வச்சிருக்காங்க" என்று நானே பாராட்டினேன். அந்த அம்மாளுக்கு ஒரு விசேஷ சக்தியும் இருந்தது. இங்கே என் மனைவி கடைசி நூலைக் கத்தரித்தால், அங்கே படியில் காலடிச் சத்தம் கேட்கும். தைத்த உடை தயார் என்று யாரும் போய்ச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் அந்த நாள் வந்தது.

எனக்கு வார விடுமுறை. மதியம் காற்று என்றால் காற்று, தெருவில் நின்ற ஸ்கூட்டர்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துவிட்டன. பிறகு மழை. பட்டென்று கரண்ட் போனது. அடுத்து நெட். அடுத்து போனில் இருந்த சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. எல்லோரும் ஜன்னலைத் திறந்து ஐயோ என்றார்கள். நான் ஒருவன் மட்டும் ஆஹா என்றேன்.

அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா ஓடி வந்தார். புது ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை வேலையில் சேர வேண்டும். சீருடை தைக்க ஆஸ்பத்திரியே ஏற்பாடு செய்த தையற்கடையில் மோட்டார் நின்றுபோய், துணியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கை ஒட்டவில்லை, ஓரம் அடிக்கவில்லை.

"சீருடை இல்லாம முதல் நாளே போய் நின்னா என்ன நினைப்பாங்க? அக்கா, நீங்கதான் காப்பாத்தணும்."

"என் மெஷினுக்கு என்ன கேடு? குடுங்க" என்று வாங்கி மிதிக்க ஆரம்பித்தாள் என் மனைவி. கடகடவென்று அது ஓடிய ஓட்டத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் வெளியே மேகம் மூடிக்கொண்டே வந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்.

"ஏங்க, கண்ணு தெரியலை. உங்க விளக்கை எடுத்துட்டு வாங்க. பந்தயத்துல ஜெயிக்கற நாள் வந்துடுச்சு."

"இதோ!" என்று வீரநடை போட்டுப் பின்னறைக்குப் போனேன். போனை எடுத்தேன். திற என்று அழுத்தினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு வாசகம் வந்தது: "இணைய இணைப்பு இல்லை. சிறிது நேரத்தில் சரியாகிவிடும்."

என் வாழ்நாளில் முதல்முறையாக அந்த வாசகம் கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று புரிந்தது.

சாவி? சாவி மிகப் பத்திரமான இடத்தில் இருந்தது. அந்த அறையின் உள்ளே.

வியர்த்துக் கொட்டியது. அறை போனாலும் பரவாயில்லை. அந்த நர்ஸம்மாவின் முதல் நாள் வேலை என் பூட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்பதுதான் உண்மையான கவலை. ஆனால் உண்மையைச் சொல்ல வாய் வந்தால் நான் எப்படிப் புருஷன் ஆவேன்? முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினேன்.

"எங்கே விளக்கு?"

"இது லெவல் ஒண்ணுதான். லெவல் மூணு வந்தாத்தான் ரூமைத் திறக்கணும். அதுதான் முறை."

"லெவல் ஒண்ணுன்னா?"

"கொஞ்சம் இருட்டு."

"லெவல் ரெண்டு?"

"நிறைய இருட்டு."

"மூணு?"

"அது வந்தா உனக்கே தெரியும்."

நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வையில் நாடி பிடித்துப் பார்க்கும் ஆசை தெரிந்தது. "நான் மேலே இருக்கேங்க்கா" என்று போய்விட்டார். என் மனைவி ஜன்னலோரம் மெஷினை இழுத்துப் போட்டு, துணியை மூக்குவரை கொண்டுபோய்த் தைத்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நல்ல கண் அவளுக்கு. என் சட்டைகளுக்குக் காஜா எடுத்தே பாதி தேய்ந்த கண்.

"அடியே."

"என்னங்க, லெவல் ரெண்டா?"

"பூட்டு திறக்கலை."

"ஏன்?"

"நெட் இல்லை."

மெஷின் நின்றது. அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நெட் இல்லாதப்ப உதவற சாமானை, நெட் இருந்தாத்தான் திறக்கற பூட்டைப் போட்டுப் பூட்டியிருக்கீங்க."

"ஒரே வாக்கியத்துல சொன்னா அப்படித்தான் கேக்கும்."

"சாவி?"

"பத்திரமா இருக்கு."

"உள்ளேயா?"

ஜன்னல் வழியே மழையைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து, என் நெற்றி வியர்வையைத் தோளில் தொங்கிய தைக்காத துணியால் ஒற்றினாள். "விடுங்க. உண்மையைச் சொன்னீங்களே, அது போதும்" என்றாள். பிறகு மெஷின் மேஜையின் இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு விளக்கை எடுத்து, கைப்பிடியைச் சுற்றினாள். ஹால் பளிச்சென்றது.

"இது... என் விளக்கு மாதிரி இருக்கே."

"உங்க விளக்குதான்."

"உள்ளே இருந்தது எப்படி வெளியே வந்துச்சு?"

"நீங்க பூட்டைப் பாத்தீங்க. நான் கீலைப் பாத்தேன். கீல் வெளிப்பக்கம் இருக்குங்க. மெஷின் ஸ்குரூடிரைவரால நாலு தட்டு, ஆணி கழண்டுடுச்சு. நானும் நர்ஸம்மாவும் கதவைத் தூக்கி வச்சிட்டு, வேலை முடிஞ்சதும் மாட்டிடுவோம். அவங்க பேஷண்டையே தூக்கறவங்க, கதவு என்ன பெரிய கனம்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பாபின் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"நர்ஸம்மா, வெளிச்சம் வந்துடுச்சு. கை அளவு ஒருதடவை பாக்கணும், இறங்கி வாங்க."

"வர்றேங்க்கா" என்றது பெட்டி. அதன் பின்னணியில் என் ரேடியோ புயல் செய்தி வாசித்தது. பாசத்தின் விசேஷ சக்தி எனக்கு அன்றுதான் விளங்கியது.

நர்ஸம்மா வந்து, விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, ரகசியம் உடைந்துவிட்டதோ என்று கண் விரித்தார். உடனே என் மனைவி முந்திக்கொண்டாள். "எல்லாம் இவர் முன்யோசனைதான். ஊரே இருட்டா கிடக்கு, நம்ம வீட்டுல மட்டும் வேலை நடக்குது பாருங்க." என்னை விட்டுக் கொடுக்கவில்லை. இப்படிப்பட்டவளோடா பந்தயம் கட்டினேன் என்று மனசு கரைந்தது.

கரைந்து முடிப்பதற்குள் விளக்கின் கைப்பிடியை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"நிறுத்தாம சுத்துங்க."

சுற்றினேன். அவள் மிதித்தாள், நான் சுற்றினேன். ஓரம் முடிந்தது, கை ஒட்டியது, பொத்தான் ஏறியது. நர்ஸம்மா போட்டுப் பார்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக மாடி ஏறினார். சீருடை கச்சிதம். என் தோள்பட்டைதான் தையல் விட்டுப்போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. நெட் வந்தது. கூடவே எனக்கு மூளையும் வந்தது.

"இரு, இரு! இன்னிக்கு எரிஞ்சது யார் விளக்கு?"

"உங்களுது."

"பேசினது யார் வாக்கி டாக்கி? செய்தி சொன்னது யார் ரேடியோ?"

"எல்லாம் உங்களுதுதான்."

"அப்போ என் சாமான் வீட்டுக்கு உதவி செஞ்சிருக்கு. பந்தயத்துல ஜெயிச்சது யாரு?"

"நீங்கதாங்க" என்றாள், கொஞ்சமும் தயங்காமல். "ரூம் உங்களுது. போய்த் திறந்துக்கங்க."

அவ்வளவு லேசாக அவள் சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். வெற்றிக் களிப்பில் ஓடினேன். போனை அழுத்தினேன். பூட்டு பணிவாகத் திறந்தது.

உள்ளே கால் வைக்க இடமில்லை. சுவர் நீளத்துக்குக் கம்பி, கம்பி நிறைய தைத்த உடைகள், ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. ஆளுயரக் கண்ணாடி. துணி வெட்டும் மேஜை. என் அட்டைப் பெட்டிகளில் அளவு வாரியாகத் துண்டுத் துணி. ஆணியில் என் சாவி, அதன் வளையத்தில் கத்தரிக்கோல் தொங்கியது. தெருவே தன் சட்டைகளோடு அங்கே குடியிருந்தது.

"இதெல்லாம்... எப்போலேர்ந்து?"

"பூட்டு மாட்டின மறுநாள்லேர்ந்து. ஊரார் துணி, தொலைஞ்சா யார் பதில் சொல்றது? தினமும் சாயங்காலம் நீங்க வந்து 'பத்திரமா இருக்கு'ன்னு சொன்னாத்தாங்க எனக்கு நிம்மதியே."