கத்துங்கண்ணன் கண்டுபிடித்த 'டிக்டிக்'

படித்தவர், படிக்காதவர், பெரிய மனுசர், சின்ன மனுசர் என்று பார்க்காமல் கோயமுத்தூர் ஜில்லாவில் அத்தனை பேரையும் பட்டப்பகலில் நடுரோட்டில் கத்த வைத்த ஒரே மனிதர் எங்கள் கத்துங்கண்ணன்தான். துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி அவருடைய ஒர்க்ஷாப். பழைய கார்கள் மட்டும்தான் பார்ப்பார்.

"வண்டில ஏதோ சத்தம் வருதுங்க" என்று போய் நின்றால் பானெட்டைத் திறக்க மாட்டார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நம் எதிரே வந்து நிற்பார். "எப்பிடி வருது? கத்துங்கண்ணா!" நாம் கத்தியாக வேண்டும். பெயர் வந்தது அப்படித்தான்.

"என்ற முன்னால எந்த வண்டியும் நல்ல புள்ளையாட்ட நடிக்கும்ங்க. கேட்டவங்கதான் சாட்சி" என்பார். செல்போனில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவரைத் திருப்பியே அனுப்பிவிட்டார். "போனுக்கு ஏதுங்க பயம்? பயந்தவன் காதுலதான் சத்தம் சரியா உளுகும்."

ஒரு நாள் ஒரு தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டு "ஙொய்ய்ய்ங்" என்று இழுத்தார்.

"இன்னுங்கொஞ்சம் மூக்குல இருந்து வரோணும் டீச்சர்."

டீச்சர் மூக்கில் இருந்தே கொடுத்தார். எதிர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஃபேன் பெல்ட்டுங்க. போயி உக்காருங்க."

என் முறையும் வந்தது. உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்த என் மகளுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். என் காருக்கு வயது இருபத்திரண்டு. "அந்தக் கார்லயா மாமா? டாக்ஸி சொல்லிக்கலாமுங்க" என்றார் மாப்பிள்ளை. "எங்கப்பா கார்லதான் வருவேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். அந்தப் பெருமையில் எனக்கு இரண்டு நாள் கால் தரையில் படவில்லை. ஆனால் காரின் அடியிலோ ஒரு கடகட சத்தம். மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போய், மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வரப் போகிற விசயத்தைச் சொன்னேன்.

கோயில் பஜனையிலேயே பின்வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைக்கிற ஆள் நான். "கட... கட..." என்றேன்.

"ஏனுங்ணா, காருக்குக் கேட்டுருமுன்னு பயப்படறீங்களா?"

முருகனை நினைத்துக்கொண்டு "கடகடகட கடகடகட!" என்று ரோடே திரும்பக் கத்தினேன்.

"சைலன்சர் கிளாம்ப் லூசுங்க." ஐந்து நிமிடத்தில் முடுக்கிவிட்டார். நான் சாவிக்குக் கை நீட்டினால் அவர் என் மனைவியைப் பார்க்கிறார்.

"அம்மணி, நீங்க ஒருக்கா."

"அதான் நான் கத்திப்போட்டனுங்களே!"

"நீங்க ஓட்டறவருங்க. அவங்க உக்காந்து வாரவங்க. வேற கேக்கும்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் தட்டி "டிக்டிக்டிக்டிக்" என்றாள். நான் அவளை முறைத்தேன். அந்தச் சத்தம் எனக்கும் தெரியும். காலையில் வண்டியை எடுத்ததும் வரும். உடனே நான் நூற்றியெட்டு தடவை "முருகா" சொல்ல ஆரம்பிப்பேன். முடிப்பதற்குள் நின்றுவிடும். முருகனே கவனித்துக்கொண்ட காரியத்தை மெக்கானிக்கிடம் போய்ச் சொல்வது நம்பிக்கைக் குறைவு இல்லையா?

"காலைல மட்டுமுங்களா? சூடானா நின்னுருதா?"

"ஆமாங்க. இவரு நூத்தியெட்டு முருகா சொல்றதுக்குள்ள நின்னுரும்" என்றாள் அவள்.

"மழை நாள்லீங்க?"

"ரெண்டாவது சுத்தும் சொல்லோணும்."

காய்ச்சல் கணக்குக் கேட்கிற டாக்டரைப் போலத் தலையாட்டினார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"இஞ்சினும் பொகைக்குழாயும் சேர்ற எடத்துல கேஸ்கட் போயிருச்சுங்ணா. குளுந்து கெடக்கறப்ப சந்துல பொகை அடிக்குது, அதுதான் டிக்டிக். சூடானா இரும்பு விரிஞ்சு அடைச்சுக்குது. தானா நின்னு போற சத்தந்தானுங்க மோசம். அந்தப் பொகை உள்ளார வந்தா, மாசமா இருக்கற புள்ளைக்கு ஆகுமுங்களா?"

நான் இழுத்தேன். "முருகன் பார்த்துக்குவாருன்னு..."

"அவரு பார்த்ததுனாலதானுங்க இன்னைக்கு அம்மணியை உங்ககூட அனுப்பியிருக்காரு."

கேஸ்கட் மாற்றினார். அதோடு விடவில்லை. மறுநாள் காலை, வண்டி குளிர்ந்து கிடக்கும்போதே எங்கள் வீட்டுக்கு வந்து பின் சீட்டில் ஏறி, என் மனைவியின் கைப்பையை முதுகுக்கு வைத்துக்கொண்டு, வயிற்றின் மேல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னார். ஏசி செத்துப் பல வருசம்.

"ஓட்டுங்ணா. புள்ள உக்கார்ற எடத்துல நான் ஒருக்கா உக்காந்து பார்த்துப்போடறேன்."

காரமடை வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான். இறங்கும்போது ஆற்றில் விழுந்து எழுந்தவர் போல நனைந்திருந்தார். சட்டையை மோந்து பார்த்தார். "பொகை வாசமே இல்லீங்க. என்ற வேர்வை நாத்தந்தான். போயிக் கூட்டியாங்க."

உடுமலையில் ஏறிய மகள் துடியலூர் வரும் வரை வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மருதமலையில் அர்ச்சனை. மகள், மாப்பிள்ளை பெயரெல்லாம் சொல்லி முடித்தேன். "அடுத்துங்க?" என்றார் குருக்கள்.

"கத்துங்கண்ணன்."

"அது பேருங்களா? நட்சத்திரம்?"

அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்காமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்பிடியே சொல்லுங்க சாமி. முருகனுக்கு ஆளைத் தெரியும்."