முந்திரிகை அண்ணையின் ஆட்சேபனை

லண்டனில் லூயிஷாமில் இருந்து சட்டன் வரை, முந்திரிகை அண்ணையின் வைனுக்குத் தப்பிய தமிழர் ஒருவரும் கிடையாது. எங்கள் ஊரில் திராட்சைக்கு முந்திரிகை என்றுதான் பெயர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

சட்டனில் அவர் வாங்கிய வீட்டின் பின்வளவில் ஒரு முந்திரிகைக் கொடி நின்றது. கொடி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அடி என் தொடைப் பருமன். வீட்டை விற்ற வெள்ளைக்காரக் கிழவருக்கே அதை யார் நட்டது என்று தெரியாது. காய்ப்பும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது.

"வயசு போன கொடி கொஞ்சமாத்தான் காய்க்கும். ஆனால் ரசம் இறுக்கமா இருக்கும்" என்பார் அண்ணை. அந்தக் கொஞ்சத்தையும் காலால் மிதித்து, பிளாஸ்டிக் வாளியில் புளிக்கவைத்து, இரத்தச் சிவப்பில் வைன் எடுப்பார். புளியைக் கரைத்து அதில் துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்டால் ஏறக்குறைய அந்த ருசி வரும்.

கலியாண மண்டபங்களில் நம்மவர் குடிப்பது வெளியே, கார் டிக்கியைத் திறந்துவைத்துத்தானே. விஸ்கி முடிகிற நேரம் பார்த்து அண்ணை சோடாப் போத்தலில் வைனோடு வந்து நிற்பார். கூடவே கொடியின் வயதும் வரும். பிறந்தநாள் விழாவில் அதற்கு நூறு வயது. அரங்கேற்றத்தில் நூற்றைம்பது. ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கில் அது சட்டன் ரயில் நிலையத்துக்கே மூத்ததாகிவிட்டது.

"அண்ணை, போன மாசம் நூறெண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"அது அடிமரத்துக்கு, தம்பி. வேரின்ரை கணக்கு வேறை."

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் மகன் சுதனுக்குக் கலியாணம் நிச்சயமானது. வீட்டைப் பின்பக்கம் நீட்டி ஓர் அறை போட்டால் அப்பாவும் அம்மாவும் படி ஏறாமல் அதில் இருக்கலாம் என்று அவன் நினைத்தான். நல்ல யோசனைதான். ஆனால் அறை வர வேண்டிய இடத்தில் கொடி நின்றது.

சுதன் கட்டட அனுமதி கேட்டுக் கவுன்சிலுக்கு விண்ணப்பித்துவிட்டு, அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்காமல் இருக்க வீடு வீடாக மட்டன் ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒட்டிய வீடு என்பதால் எனக்கு இரண்டு தட்டு வந்தது. தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இடம் பார்க்கக் கவுன்சிலில் இருந்து ஓர் இளம் பெண் வந்தார். நான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அண்ணை கொடியடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஆட்சேபனை இருக்கெண்டு சொல்லு" என்றார் மகனிடம். காலமெல்லாம் லண்டனில் பஸ் ஓட்டிய மனிதருக்கு அன்று பார்த்து ஆங்கிலம் மறந்துவிட்டது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாக்டரிடமும் கவுன்சிலிலும் அப்பாவுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவன் சுதன். அன்றும் ஆங்கிலத்தில் சொன்னான். இவர் எந்த வீட்டுக்காரர் என்று அந்தப் பெண் கேட்டார். இந்த வீடுதான் என்றான், தலையைச் சொறிந்துகொண்டு.

கொடிக்கு என்ன வயது என்று அந்தப் பெண் கேட்டார். நான் குறைந்தது இருநூறை எதிர்பார்த்தேன்.

"தெரியாதெண்டு சொல்லு" என்றார் அண்ணை. "நாங்கள் வரேக்கையே அது கிழடு. அப்ப இஞ்சை ஒருத்தரையும் தெரியாது. ஷிப்ட் முடிஞ்சு வந்தால் கொம்மா வேலைக்குப் போயிடுவா, நீ பள்ளிக்கூடம் போயிடுவாய். இதோடைதான் கதைச்சனான். இதை வெட்டின இடத்திலை கட்டில் போட்டு நான் என்னெண்டு படுக்கிறது?"

சுதன் நினைத்திருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஒரு சொல் விடாமல் சொன்னான். பள்ளிக்கூடம் என்ற இடத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பெண்ணுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் கொடி மரமல்ல, அதைக் காப்பாற்ற வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் அனுமதி வந்தது.

கட்டட வேலைக்காரர் வந்த அன்று சுதன் வரைபடத்தை வாங்கி, அறையின் ஒரு மூலையைப் பேனாவால் வெட்டினான். இப்போது சுவர் கொடிவரை வந்து, அதைச் சுற்றி வளைந்து போகிறது. உள்ளே கட்டிலை நேராகப் போட ஏலாது. அலுமாரிக் கதவு பாதிதான் திறபடும்.

"ஒரு சுவரை நேராக் கட்டத் தெரியேல்லை இவனுக்கு" என்று அண்ணை தெருவெல்லாம் குறை சொல்லித் திரிகிறார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காலையில் அவர் யன்னலைத் திறந்து கொடியோடு கதைப்பது நான் தேத்தண்ணி போடுகிற குசினிவரை கேட்கும். கேட்காத நாளில் எனக்கு வேலைக்குப் போக மனம் வராது. அவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.