பேசியவர்கள் பட்டியலில் தாளாளர்

ஒரு நாவலை நடத்தச் சொன்னால் அந்த நாட்டையே நடத்திக் காட்டியவர் உலகத்தில் எங்கள் பீதி சார் ஒருவர்தான். இரண்டாயிரத்து ஏழில், சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அவர் பக்கத்து வகுப்பில் இங்கிலீஷ். அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தாளாளரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே வியர்த்துவிடும் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர்தான் ‘பீதி சார்’.

பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வளரட்டும் என்று, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே ஒரு பழைய நாவலை ஒன்பதாம் வகுப்புக்கு வைத்துவிட்டார் தாளாளர். அதில் வரும் நாட்டில் எல்லோரும் எல்லோரையும் வேவு பார்ப்பார்கள். கீரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. வாத்தியார் இல்லாத நேரத்தில் கிளாஸ் லீடர் போர்டில் ‘பேசியவர்கள்’ என்று பெயர் எழுதுவான் இல்லையா? இனி வகுப்பில் எல்லோருமே லீடர் என்று அறிவித்துவிட்டார் பீதி சார்.

அவ்வளவுதான். தும்மியவன் பெயர் போர்டில் ஏறியது. தும்மலுக்குச் சிரித்தவள் பெயரும் ஏறியது. வீட்டில் தூக்கத்தில் உளறினான் என்று ஒருவனை அவனுடைய இரட்டைத் தம்பியே எழுதினான். பக்கத்து வகுப்பில் நான் கத்தியது கேட்டதாம், என் பெயரும் ஏறியது. சண்டைக்குப் போனேன்.

“பாடம் மண்டையில ஏறிடுச்சி மேடம்” என்று பூரித்துப்போனார்.

ஒருநாள் தாளாளர் அந்த வகுப்புக்கு வந்து, ஒழுக்கம் பற்றி ஒரு பீரியட் முழுக்கப் பேசினார். பேசி முடித்துத் திரும்பினால் போர்டில் அவர் பெயர். பக்கத்தில் ‘மிக மிக அதிகம்’.

யார் எழுதியது என்று உறுமினார். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைக் கைகாட்டினார்கள். பயிற்சி அப்படி. கடைசியில் பீதி சாரிடம் திரும்பி, பெயரைச் சொல்லாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றார். சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற எனக்கே ஆள் யாரென்று தெரிந்தது. முதல் பெஞ்ச் செல்வி, சாக்பீஸ் தூள் படிந்த விரல்களைத் துப்பட்டாவில் ஒளித்துக்கொண்டிருந்தாள்.

சட்டையெல்லாம் வியர்வையாக நின்ற பீதி சார் சொன்னார்: “நான்தான் சார் எழுதனேன்.”

பையை எடுத்துக்கொண்டு அவர் கடலூர் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அந்தப் பொண்ணு பேரச் சொல்லியிருந்தா ஒரு நாள் வெளிய நிக்க வச்சிருப்பாங்க. அவ்ளோதான சார்?”

“நாவல்ல கடைசில ஹீரோவே காதலியக் காட்டிக் குடுத்துருவான் மேடம். பசங்க இன்னும் அதுவரைக்கும் படிக்கல.”

மிச்ச நாவலை என் தலையில் கட்டினார்கள். எந்தப் பாடத்தையும் அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் நான் நடத்தவேயில்லை. அந்த மனுஷர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.