பூசணிக்காய் மேல் நிற்காத டயர்

விவரம் தெரியாமல் வாங்கிய பொருள் சத்தம் போடாமல் காலை வாரும். விவரமாக ஆராய்ந்து வாங்கிய பொருள், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு வாரும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. நான்கு டயர்களும் ஒரு பட்டுப்புடவையும் இதற்குச் சாட்சி.

என்னிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. சிவப்பு நிறம், மடிக்கிற துணிக்கூரை, உட்கார இரண்டே இடம். அடையாறிலிருந்து வெளிநாட்டுக்குக் குடிபோன ஒருவரிடம், தரமணியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சேர்த்ததை எல்லாம் கொட்டிக் கொடுத்து வாங்கினேன். மயிலாப்பூரில் எங்கள் தெரு இருக்கிற அகலத்துக்கு, அது வாழ்நாள் முழுக்கத் தண்ணி லாரிக்குப் பின்னால்தான் போக முடியும். அப்பா ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "நாலு பேர் இருக்கற ஆத்துக்கு ரெண்டு பேர் உக்காரற கார். பேஷ்" என்றார். அதற்குப் பிறகு அதன் பக்கம் வரவில்லை. மூத்தவள் இருக்க இளையவளுக்கு எப்படிக் கல்யாணம் என்று கேட்டவர்களிடம் மட்டும், "அவளுக்குத்தான் கார் இருக்கே" என்று அதை உபயோகித்துக்கொண்டார்.

இளையவள் வித்யா. மாப்பிள்ளை ஸ்ரீராம் தங்கமான பையன். அவன் அம்மாதான் விஷயம். பெண் பார்க்க வந்த அன்று காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்காத்துல இப்படி இல்லை" என்றார் மாமி. கேசரிக்கும் அதையே சொன்னார். ஜன்னல் திரைக்கும் அதையே. குற்றம் சொல்கிற குரல் இல்லை, தகவல் சொல்கிற குரல்தான். ஆனாலும் அம்மா அன்று பிரஷர் மாத்திரையைக் கொஞ்சம் சீக்கிரமே போட்டுக்கொண்டாள்.

எங்கள் கல்யாணங்களில் முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டி, பூ அலங்காரம் செய்த திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முன்னே போக, கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவது. இதற்கென்றே வாடகைக்கு வயசான கார்கள் உண்டு. நான் விடுவேனா? "என் கார் எதுக்கு இருக்கு? நானே ஓட்டறேன்" என்றேன்.

வித்யா என்னைத் தனியாக மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"காயு, உன் காரால அந்த மாமி வாய்ல ஒரு வார்த்தை வந்தாலும், நான் ஆயுசு பூரா கேட்டுண்டு இருக்கணும். அவரை ஒழுங்கா கொண்டுவந்து இறக்கிடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"என்னை நம்பு" என்றேன். (இதற்கு முன் நான் இப்படிச் சொன்னபோது அவள் தலைமுடி ஆரஞ்சு நிறமானது. அது வேறு கதை.)

காரின் பழைய டயர்கள் காய்ந்து, ஓரத்தில் விரிசல் விட்டிருந்தன. கட்டாயம் மாற்றவேண்டும். புத்தியுள்ளவர்கள் கடைக்குப் போய் "நல்லதா நாலு போடுங்க" என்பார்கள். நான் ஆராய்ந்தேன். ஆபீஸ் மீட்டிங்கில் நான் குறிப்பெடுப்பதாக எல்லோரும் நினைத்த நேரத்தில், இணையத்தில் கார் பைத்தியங்கள் கூடும் இடங்களில் குடியிருந்தேன். ரப்பரின் மென்மை, ஓரச்சுவரின் விறைப்பு, வளைவில் பிடிமானம் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தேன். முகம் தெரியாத ஒரு ஜெர்மன்காரரும் ஒரு ஆஸ்திரேலியாக்காரரும் அடித்துக்கொண்டபோது நடுவில் புகுந்து தீர்ப்புக்கூடச் சொன்னேன். அந்தக் காரை நான் அதுவரை மூன்றாவது கியருக்கு மேல் ஓட்டியதில்லை. லஸ் சிக்னல் அதற்கு இடம் கொடுத்ததில்லை.

கடைசியில் இரண்டு ரகம் மிஞ்சியது. ஒன்று, ஆழமாக வரி வெட்டிய சாதாரண ரோட்டு டயர். மழையில் தண்ணீரை வாரி வெளியே தள்ளும். இன்னொன்று, பந்தயத் தடத்துக்கென்றே செய்தது. மிருதுவான ரப்பர், வரி என்று பேருக்கு நாலு கீறல். காய்ந்த தரையில் பல்லிபோல் ஒட்டும். சூடேறினால்தான் ஒட்டும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. கல்யாணமோ தை மாசம். தை மாசத்தில் சென்னையில் மழை ஏது? நனைந்த தரை எங்கிருந்து வரும்? என் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ராயப்பேட்டையில் ஒரு டயர் கடை. கடைக்காரர் காரை ஒரு சுற்று வந்தார்.

"இன்னா மேடம், ரேஸுக்கா?"

"இல்லை. ஜானவாசத்துக்கு."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "போட்டுடலாம்."

"பிடிமானம்தான் முக்கியம், இல்லையா?"

"கரெக்டு மேடம்."

"ரோட்டு டயர் போட்டா கார் கோச்சுக்கும்."

"கரெக்டு மேடம். கோச்சுக்கும்."

இப்படி எல்லாக் கேள்வியையும் நானே கேட்டு, நானே பதில் சொல்லி, அவர் ஆமோதிக்க, ஒரு நிபுணரிடம் ஆலோசனை கேட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஜானவாச நாள் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. கோயில் வாசலில் கார் தயார். ஸ்ரீராம் எல்லோர் கண்ணுக்கும் தெரியவேண்டும் என்று சீட்டின் முதுகு மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். அப்பாவின் அக்கா ராஜி அத்தை எலுமிச்சம்பழங்களோடு குனிந்தாள்.

"அத்தை, இது ரேஸ் டயர்."

"இருக்கட்டுமேடி. புது டயர்தானே? ரேஸுன்னா திருஷ்டி படாதா?"

நான்கு டயருக்கும் அடியில் நான்கு பழம் வைத்தாள். நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். எலுமிச்சைச் சாறு பூசிய மிருதுவான ரப்பர், மாட வீதியில் கிடந்த ஒவ்வொரு பூவையும் வெற்றிலையையும் பாசத்தோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் நாதஸ்வரக்காரர் தோடியை எடுத்தார். தோடி அவசரப்படுகிற ராகம் இல்லை. பத்தடிக்கு ஒருமுறை நின்றார், நாங்களும் நின்றோம். எங்களை ஒரு காய்கறி வண்டி தாண்டிப் போனது. டயர் சூடேறவேண்டுமே என்ற கவலை அப்போதுதான் எனக்கு லேசாக வந்தது.

மண்டப வாசலில் ஒரு சாய்வு மேடை. வழவழவென்று கல் பதித்தது. அதன் மேல் ஏறிப்போய் மாப்பிள்ளையை இறக்கவேண்டும். காருக்குப் பின்னாலேயே சம்பந்தி மாமி மாம்பழ மஞ்சள் காஞ்சிப்பட்டில் நடந்து வந்தார். பிள்ளையைப் பின்னாலிருந்து பார்த்து ரசிக்கிறாராம். மாடி ஜன்னலில் வித்யாவின் முகம் தெரிந்தது.

கார் மேடையில் பாதி ஏறியபோது, "நிறுத்துடி!" என்றாள் ராஜி அத்தை. நிறுத்தினேன். கையில் பூசணிக்காய். உள்ளே குங்குமம். மூன்று சுற்று சுற்றி, காருக்கு முன்னால் போட்டு உடைத்தாள். அத்தைக்கு வயது எழுபது. கையில் என்ன பலம்! பூசணிச் சதை மேடை முழுக்கச் சிதறியது. அதன் மேல் இரண்டு மாமிகள் ஆரத்தியைக் கொட்டினார்கள். அது சதையையும் இழுத்துக்கொண்டு சரிவில் காருக்கு அடியில் வழிந்தது. எந்த நாட்டுக் கார் பைத்தியமும் பூசணிக்காயைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அழுத்தினேன். பின் சக்கரங்கள் சுற்றின. கார் நகரவில்லை. கொஞ்சம் பின்னால் கூடப் போயிற்று.

"அக்கா, மெதுவா" என்றான் ஸ்ரீராம்.

சக்கரம் வழுக்கினால் காலை எடுத்துவிடவேண்டும் என்று நூறு இடத்தில் படித்திருக்கிறேன். நானே நாலு பேருக்கு எழுதிச் சொல்லியிருக்கிறேன். மாடியில் வித்யாவின் முகத்தைப் பார்த்தேன். ஓங்கி ஒரே அழுத்தாக அழுத்தினேன்.

எலுமிச்சை, ஆரத்தி, குங்குமம், பூசணி, மாட வீதியில் சேகரித்த பூக்கள் எல்லாம் ஒன்றாகக் குழைந்து, பின்னால் சீறிப் பாய்ந்தது. நாதஸ்வரம் பாதியில் நின்றது.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். மாம்பழ மஞ்சள் புடவை இப்போது மாம்பழ மஞ்சளாக இல்லை. மாமியின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பூசணி விதை ஒட்டியிருந்தது. ஐயோ, தொலைந்தோம். வித்யாவின் வாழ்க்கை என் வலது காலால் முடிந்தது என்று நினைத்தேன். நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

ஸ்ரீராம் கீழே குதித்தான். கோட்டைக் கழற்றி பானெட் மேல் போட்டான். பின்னால் போய்க் காரைத் தள்ள ஆரம்பித்தான், தன் ஜானவாசக் காரைத் தானே. சாஸ்திரிகள் ஒரு கை கொடுத்தார். அவர் கால் வழுக்கியது. கார் அசையவில்லை.

மாமி கண்ணாடியைக் கழற்றி, விதையை எடுத்துப் போட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"நகருங்கோ" என்றார். பிள்ளைக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் காரில் வைத்தார். "எங்காத்துல இப்படி இல்லை" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எங்காத்துல ஒருத்தருக்கும் இப்படி ஒரு ஜானவாசம் நடந்ததே இல்லைடி, தள்ளுங்கோடா!"

கார் மேலே ஏறியது. அப்பா தூணில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தக் காரைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அம்மாவும் பிள்ளையும் தள்ளுகிற போட்டோதான் ஆல்பத்தின் முதல் பக்கம். மாமியே கேட்டு வாங்கிப் போட்டது. அந்தப் புடவையையும் வெளுக்கக் கொடுக்கவில்லை. அன்றுமுதல் இரண்டு வீட்டிலும் என்ன வாங்கினாலும், வாஷிங் மெஷினோ வீடோ, மாமி ஒரே கேள்விதான் கேட்பார்: "எல்லாம் சரி. பூசணிக்கா மேல நிக்குமா?"

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். நல்ல வேலை, நல்ல குடும்பம், நிறையப் படித்தவர். எல்லோரும் கேள்வி கேட்டு முடித்தபின், மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்த மாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்பா, பூசணிக்கா மேல நிப்பியா?"

வித்யா நெற்றியில் அடித்துக்கொண்டாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. அந்த மனிதர் சுவரில் மாட்டியிருந்த, கார் தள்ளுகிற அந்தப் போட்டோவை ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நிக்கறது கஷ்டம் மாமி. இறங்கித் தள்ளுவேன்."

எங்கள் ஜானவாசத்துக்கு மட்டும் வாடகைக் கார் வைத்தார்கள்.